ஷீனாவுக்கு நாலு நட்சத்திரம்

அந்தக் காபிக்கடையில் திங்கட்கிழமை காலை, கதவு திறப்பதற்கு முன், வேலைக்காரர்கள் எல்லாரும் பில் போடும் மேசையைச் சுற்றி நிற்க வேண்டும். மேனேஜர் ஹரிகுமார் டேப்லெட்டை எடுத்து, அந்த வாரம் வாடிக்கையாளர்கள் இணையத்தில் எழுதிய ரிவ்யூக்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். யாருடைய பெயராவது நல்லவிதமாக வந்திருந்தால் மற்றவர்கள் கை தட்டுவார்கள். பெயருக்கு உரியவர் கேமராவுக்குக் கீழே போய் நின்று கையசைக்க வேண்டும். மோசமாக வந்திருந்தாலும் அதே இடம்தான். கை கூப்பி ஸாரி சொல்ல வேண்டும். கேமராவின் மறுமுனையில், துபாயில், முதலாளி பார்த்துக்கொண்டிருப்பார். அவரை யாரும் நேரில் கண்டதில்லை. ஹரிகுமாரின் ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு குரல் வரும். தூக்கம் முழுக்கக் கலையாத, பஞ்சுபோன்ற குரல்.

கடை வழுதக்காட்டில் இருந்தது. பழைய வீடு ஒன்றை இடிக்காமல் மாற்றிக் கட்டியிருந்தார்கள். முற்றத்துப் பலாமரம் கண்ணாடிக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. அதைப் படமெடுக்கவே பாதிப் பேர் வந்தார்கள். சனி, ஞாயிறுகளில் கழக்கூட்டத்து ஐ.டி. கூட்டம். மற்ற நாட்களில் ஓய்வுபெற்றவர்கள், காதலர்கள், கல்யாணத்துக்கு முன் ஒருவரையொருவர் பார்த்துப் பேச வந்து பேசாமலே எழுந்து போகிறவர்கள். எல்லாருடைய கையிலும் ஃபோன். எல்லாரும் நீதிபதிகள். 'மரம் அழகு, பலாப்பழம் கொடுக்கவில்லை' என்று இரண்டு நட்சத்திரம். 'வெளியே வந்ததும் மழை, நனைந்துவிட்டோம்' என்று ஒரு நட்சத்திரம். 'நரைத்த தாடிக்காரர் காபி கொண்டுவந்தார், மூட் போய்விட்டது' என்று இன்னொன்று.

'அனந்த் என்ற பையனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை' என்று ஒருத்தி எழுதிய வாரம், முதலாளி அனந்தைக் கேமராவுக்குக் கீழே நிறுத்தி, "சிரி" என்றார். அவன் சிரித்தான். "இன்னும் கொஞ்சம். பல்லு தெரியட்டும்." பல் தெரிந்தது. "அப்படியே நில்லு, நான் சாயா குடிச்சு முடிக்கட்டும்." அவர் குடித்து முடிக்கும்வரை அனந்த் அப்படியே நின்றான். கன்னத்துச் சதை துடித்தது. மறுநாள் முதல் அவன் வரவில்லை. மற்றவர்கள் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினார்கள்.

ஷீனாவுக்குச் சிரிப்பு தானாக வரும். அவள் பாறசாலைக்காரி, சர்ச்சுக் குடும்பம். அவள் கணவன் பிரபின் கோயில் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வீட்டிலும் இவர்கள் கூப்பிட்டால் ஃபோனை எடுப்பதில்லை. பிரபின் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்தான். கழக்கூட்டத்தில் ஒரே அறையில் குடியிருந்தார்கள்.

இந்த மாதக் கடைசியில் ஹரிகுமார் இரண்டு பெயர்களைத் துபாய்க்கு அனுப்புவார். அந்த இருவரும் நிரந்தரம். நிரந்தரமானால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு, பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. மற்றவர்களுடைய கான்ட்ராக்ட் அதோடு முடிந்துவிடும். யார் பெயர் ரிவ்யூவில் அதிகம் வருகிறதோ அவர்கள் பெயரைத்தான் அனுப்புவார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஷீனாவுக்கு ஐந்தாம் மாதம் என்பது யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஒருத்தி விஷயம் அப்படித் தெரிந்துபோனது. முதலாளி, மகளிடம் பேசுவதுபோல அன்போடு, "ரெஸ்ட் எடு மோளே" என்றார். அவள் இன்னும் ரெஸ்டில்தான் இருக்கிறாள்.

அதனால் ஷீனா பெரிய சைஸ் ஏப்ரனை வாங்கி, மார்புக்குக் கீழே ஏற்றிக் கட்டிக்கொண்டாள். பால் கொதிப்பதற்கு முன் பாத்திரத்தின் அடியிலிருந்து முதல் குமிழ் ஒன்று புறப்பட்டு மேலே வரும். வயிற்றுக்குள் அப்படி ஏதோ புறப்படும்போது, கையில் தட்டோடு அரை நொடி நின்று, பிறகு நடப்பாள்.

சேஷன் ஸார் கரமனை அக்ரகாரத்திலிருந்து தினமும் காலையில் ஆட்டோவில் வருவார். கையில் துணிப்பை. அதற்குள் சொந்த டவரா டம்ளர். கடையின் பீங்கான் கோப்பையில் அவர் வாய் வைப்பதில்லை. ஷீனா காபியை ஜக்கில் கொண்டுவந்து அவருடைய டம்ளரில் ஊற்ற வேண்டும். ஜக்கின் மூக்கு டம்ளரில் படக் கூடாது. பட்டால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். எழுந்து போய்க் குழாயில் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி நீட்டுவார்.

அவர் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். பிறர் எழுதியதன் ஓரத்தில் குறிப்பு எழுதியே தலை நரைத்தது. இப்போது ஊரையே தணிக்கை செய்துகொண்டிருந்தார். ஓட்டல், மருந்துக்கடை, பஸ் ஸ்டாண்ட், பல் டாக்டர் எல்லாவற்றுக்கும் ரிவ்யூ. மச்சினரை எரித்த மயானத்துக்கு மூன்று நட்சத்திரம். வண்டி நிறுத்த இடம் போதவில்லையாம். அவர் எழுதினால் ஆயிரக்கணக்கானவர்கள் படித்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பதக்கச் சின்னம்கூட இருந்தது. அதை ஷீனாவிடம் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்.

"என் பேரைப் போட்டு ஒண்ணு எழுதுங்க ஸார்" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"கேட்டு வாங்கினா அது ரிவ்யூ ஆக்குமா? சிபாரிசு. தானா வரணும்." டம்ளரை உயர்த்தி ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். "நான் பாத்துண்டுதான் இருக்கேன், கேட்டயா."

அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. "இன்னிக்கு எழுதலாம்னு ஃபோனைக் கையில எடுத்தேன். டிகாஷன் தண்ணி. போச்சு." மறுநாள்: "சூடு போறாது. சரி, நாளைக்குப் பாப்போம்." அவருக்காகவே முதல் டிகாஷனை எடுத்து மூடி வைத்தாள். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மேசையில் வேறு யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டாள். "அந்தத் தாத்தா உனக்க முன்னால மிட்டாயக் காட்டிக் காட்டி ஓட வைக்கறார்டி" என்று கூட வேலை செய்யும் பத்மப்ரியா சிரித்தாள். ஷீனாவும் சிரித்தாள். அவர் பெயரில் வரும் ஒரு ரிவ்யூ மற்றவர்களுடைய பத்துக்குச் சமம் என்று ஹரிகுமாரே சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சேஷன் மனைவியையும் அழைத்துவந்தார். நாகலக்ஷ்மி மாமி காபியைத் தொடவில்லை. ஷீனா நடந்து வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சேஷன் கை கழுவப் போன நேரத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"எத்தனை மாசம்டி?"

ஷீனா ஜக்கை மேசையில் வைத்தாள். அவளுக்கு எத்தனையோ நாட்களாக யாராவது கேட்க மாட்டார்களா என்றும், யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது. "அஞ்சு, மாமி. இங்க யாருக்கும் தெரியாது. சொல்லிராதீங்க."

"நான் யார்ட்ட சொல்லப் போறேன்? காலை நீட்டிண்டு தூங்கு. மாங்கா ஊறுகா தந்துவிடறேன்."

மாமி அன்று மத்தியானம் சாப்பாடு போடும்போது கணவரிடம் மட்டும் சொன்னாள். அவரிடம் சொல்வதை யாரிடமாவது சொல்வதாக அவள் நினைத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் நெரியும் நேரத்தில், பத்மப்ரியா அவளை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்தாள். "எடி, வந்துட்டு! தாத்தா எழுதிட்டார்!" என்று ஃபோனை நீட்டினாள். பிறகு அவள் குரல் மாறியது. "ஷீனா, இது உள்ளதா?"

நாலு நட்சத்திரம். திருத்தமான இங்கிலீஷ். 'இக்கடையின் ஷீனா என்ற பணிப்பெண்ணைப் பற்றித் தனியே குறிப்பிட வேண்டும். ஐந்து மாதக் கர்ப்பிணியான இவர் காலை முதல் மாலை வரை நின்றபடி, முகம் சுளிக்காமல் பரிமாறுகிறார். இப்படி ஓர் ஊழியர் கிடைக்க நிர்வாகம் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அவர் உட்கார ஒரு ஸ்டூல்கூடப் போடாததால் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறேன்.'

இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

"ஹரியேட்டன் பாத்தாரா?"

"அவருக்கு இன்னிக்கு ஆஃப். நாளைக்குத்தான் எல்லாத்தையும் சேத்து வாசிப்பாரு." பத்மப்ரியா அவள் ஏப்ரனைப் பார்த்தாள், முதல் முறையாகப் பார்ப்பதுபோல. "போய் அழிக்கச் சொல்லு. ஓடு."

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஷீனா கரமனைக்குப் போனாள். அக்ரகாரத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது சாயங்கால வெயில் ஓட்டின்மேல் இருந்தது. சேஷன் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா வா! பாத்தயோ? எப்படி வந்திருக்கு? பெங்களூர்லேர்ந்து கௌசிக் கூப்ட்டு, அப்பா, இதுதான் ஒன் மாஸ்டர்பீஸ்ங்கறான்."

"நல்லா இருக்கு ஸார்." அவள் வாசலிலேயே நின்றாள். "அத அழிச்சிருங்க ஸார்."

"என்னது?"

"கர்ப்பம்னு இருக்கே. கடையில தெரிஞ்சா என்னை எடுக்க மாட்டாங்க. நாளைக்குக் காலையில எல்லாரும் கேக்க வாசிப்பாங்க ஸார். மாசம் முடியட்டும், அதுக்கு அப்பறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க."

"நான் ஒன்னைப் பத்தி நல்லதுதானே எழுதியிருக்கேன்! குத்தமா எழுதினது அவாளை."

உள்ளிருந்து நாகலக்ஷ்மி மாமி வந்தாள். விஷயம் புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்னா, பொம்மனாட்டி சமாசாரத்தை ஊருக்கெல்லாமா எழுதுவா? அழிங்கோ மொதல்ல!"

"இவ ஒருத்தி. பிரசுரம் ஆனதை அழிக்கறதாவது! முந்நூறு பேர் படிச்சாச்சு. நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? சேஷன் பயந்துட்டான்னு சொல்ல மாட்டானோ?"

"ஸார்..." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த அழுகை. அவர் வீட்டுக் கோலத்தின்மேல் நின்று மூக்கைச் சிந்தத் துணி இல்லாமல் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். சேஷனுக்கு இதெல்லாம் பிடிக்காது. யாராவது அழுதால் அலுவலகத்திலும் அவர் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"சரி சரி, அழாதே. அழிக்க மாட்டேன், திருத்தறேன். அந்த வார்த்தையை எடுத்துட்டா போறுமோன்னோ?" அவள் கண்முன்னாலேயே விரலால் தொட்டு, கர்ப்பம் பற்றிய சொற்களை எடுத்துவிட்டார். ஃபோனைத் திருப்பிக் காட்டினார். 'ஷீனா என்ற பணிப்பெண் காலை முதல் மாலை வரை நின்றபடி, முகம் சுளிக்காமல் பரிமாறுகிறார்.' அவ்வளவுதான். நாலு நட்சத்திரமும் அப்படியே இருந்தன.

ஷீனா அவருக்குக் கை கூப்பினாள். மாமி ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். கழக்கூட்டம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இவ்வளவு பெரியவர் தன் பெயரை எழுதியிருக்கிறார், நாளைக்குக் கை தட்டுவார்கள் என்ற நினைப்பு மெல்ல மெல்ல வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. வீட்டில் பிரபினுக்கும் தனக்கும் கஞ்சி ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு இரண்டு கிண்ணம் குடித்தாள்.

கரமனையில் சேஷனுக்குத்தான் மனசு சரியில்லை. நாற்பது வருஷப் பழக்கம். தணிக்கைக் குறிப்பில் ஒரு சொல்லை அடித்தால், எதை அடித்தோம், யார் கேட்டு அடித்தோம், ஏன் அடித்தோம் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒன்றும் எழுதாமல் அடிப்பது திருட்டு. சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் மறுபடியும் ஃபோனை எடுத்தார்.

திங்கட்கிழமை ஹரிகுமார் நல்ல குஷியில் இருந்தார். "எல்லாரும் கேளுங்க. நம்ம சேஷன் ஸார், ஷீனாவைப் பத்தி!" பத்மப்ரியா ஷீனாவின் விரலை ரகசியமாக அழுத்தினாள். முதல் பகுதியை வாசித்ததும் கைதட்டல் எழுந்தது. ஷீனா கேமராவுக்குக் கீழே போய் நின்று கையசைத்தாள்.

"இன்னும் இருக்கு" என்றார் ஹரிகுமார். அவர் தொடர்ந்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய வேகம் குறைந்தது.

'திருத்தம்: முதலில் வெளியான குறிப்பில் இப்பணிப்பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி என்று குறிப்பிட்டிருந்தேன். இன்று மாலை அவர் என் இல்லத்துக்கு வந்து, நிர்வாகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று கண்ணீருடன் முறையிட்டதால், அன்னாரின் வேண்டுகோளை ஏற்று, கர்ப்பிணி என்ற சொல் நீக்கப்படுகிறது.'

இரண்டு கை மட்டும் மறுபடியும் தட்டின. பாத்திரம் கழுவுகிற, இங்கிலீஷ் புரியாத சரசம்மா, மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் பஞ்சுக் குரல் வந்தது. "ஷீனா."

"ஸார்."

"கன்கிராஜுலேஷன்ஸ் மோளே. ஒரு தடவை சைடா திரும்பு."

அவள் திரும்பினாள்.

"அந்த ஏப்ரனைக் கழட்டு."

முடிச்சு அவிழவில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் விரல்கள் தடவிக்கொண்டே இருந்தன. யாரும் உதவிக்கு வரவில்லை. பத்மப்ரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீனா இல்லையென்றால் அடுத்த பெயர் அவளுடையது. கடைசியில் ஷீனா ஏப்ரனைத் தலைக்கு மேலாக உருவி எடுத்தாள். வயிறு சின்னதாக, வட்டமாக, சுடிதாருக்குள் தெரிந்தது.

"ஓ. அழகா இருக்கு" என்றார் முதலாளி. "ரெஸ்ட் எடு மோளே."

ஹரிகுமார் அவளைத் தனியாக அழைத்துப்போனார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "கழக்கூட்டத்துல என் அளியன், பெண்டாட்டியோட தம்பி, பேக்கரி வச்சிருக்கான். கேஷ்ல உக்காந்து செய்யற வேலை. நான் சொன்னா எடுத்துப்பான். பிரசவம் வரைக்கும் ஓடும், அதுக்கப்பறமும் பாக்கலாம். ஆனா ஒண்ணு, ஷீனே. சத்தம் எழும்பக் கூடாது. கடையைப் பத்தி ஒரு வார்த்தை வெளிய வந்தா முதலாளி என் கழுத்தைத்தான் பிடிப்பார். அப்பறம் உனக்காக நான் வாயத் திறக்க மாட்டேன். மனசிலாச்சா?"

"ஒண்ணும் வராது ஏட்டா. நான் பாத்துக்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வரும்போது கடை திறந்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே சேஷன் உட்கார்ந்திருந்தார். முன்னால் டம்ளர். பத்மப்ரியா ஜக்கை உயர்த்தி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஷீனா! வா, இங்க உக்காரு. வேஷம் எல்லாம் கழட்டியாச்சு, லீவா? கை தட்டினாளா?"

அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்தக் கடையின் நாற்காலியில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. இருக்கை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"இவளுக்கும் ஒரு காபி குடும்மா, நான் தரேன்" என்றார் பத்மப்ரியாவிடம்.

சொல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவளால் தாங்க முடியவில்லை. "எனக்க வேலை போச்சு ஸார். நீங்க எழுதின திருத்தத்தால."

சேஷன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. வருந்தப்போகிறார் என்று ஷீனா நினைத்தாள். அடுத்த கணம் ரத்தம் திரும்ப ஏறியது, கண்கள் பளபளத்தன. "அப்படியா பண்ணினா? இந்தக் காலத்துலயா? யார் சொன்னது? என்ன வார்த்தை சொன்னா, அப்படியே சொல்லு."

"வேண்டாம் ஸார். ஹரியேட்டன் வேற வேலை வாங்கித் தாரேன்னு சொல்லியிருக்கார். நீங்க ஒண்ணும் எழுதாண்டாம்."

"வேற வேலையா? லஞ்சம் ஆக்கும் அது. வாயடைக்கறதுக்கு." அவர் ஃபோனை எடுத்துவிட்டார். "ஒரு நட்சத்திரம். அதுகூடக் கூடாது, பூஜ்யம் போட வழியில்லை. ஒன் பேரை நான் போடலை, பயப்படாதே. 'ஐந்து மாதக் கர்ப்பிணியான ஒரு முன்னாள் ஊழியர்'னு மட்டும் போடறேன்."

"ஸார், சத்தியமா கேக்கேன். இதுவும் போயிரும் ஸார்."

"ஒன்னை மாதிரி பயந்தாங்கொள்ளிகளாலதான் இவாளுக்கெல்லாம் துளிர்விட்டுப் போச்சு."

அவள் எட்டி அவர் ஃபோனின்மேல் கையை வைத்தாள். எதையும் யோசிக்காமல் வைத்த கை, காபி மணம் ஏறிய கை. சேஷன் அந்தக் கையைப் பார்த்தார். தொடாமல், காத்திருந்தார். அந்தப் பார்வையின் கீழ் அவள் கை தானாகவே பின்வாங்கியது. அவர் வேட்டி முனையால் ஃபோனை நன்றாகத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்டச்சு செய்தார். அவருக்குச் சொற்கள் தடையில்லாமல் வந்தன. மூன்று பத்திகள். நடுவில் பத்மப்ரியா கோப்பையை வைத்துவிட்டு அவரிடம் ஏதோ முணுமுணுத்துப் போனாள்; அவர் நிமிர்ந்து, "ஏப்ரனைக் கழட்டச் சொன்னான்னு பத்மப்ரியா சொல்றாளே, உள்ளதா?" என்று கேட்டார். ஷீனா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதையும் சேர்த்துக்கொண்டார்.

பத்மப்ரியா கொண்டுவந்து வைத்த கோப்பையில் நுரையால் ஓர் இலை வரைந்திருந்தது.

"ஆறிப்போறது பாரு, குடி" என்று சேஷன் பரிவோடு சொன்னார். பிறகு கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றி, முழுவதையும் ஒரு தடவை வாசித்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

பில் மேசையில் ஹரிகுமாரின் ஃபோன் ஒலித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். வாசிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தலையை நிமிர்த்தி, கடை முழுவதையும் தாண்டி, சேஷனோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த ஷீனாவைப் பார்த்தார்.